இடையில் நிற்காத விமானம்

நேர்கோட்டில் எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர்.
அந்தக் கோட்டை யாரும் போட்டு வைக்கவில்லை.
போட்டிருந்தால் அளந்திருப்பேன்.
மெட்ரோ பாலத்துக்கு
தூணுக்குத் தூண் இருபத்தெட்டு மீட்டர் என்று
முக்காலி நட்டு, ஒரு கண்ணை மூடிச்
சம்பளம் வாங்குகிறவன் நான்.

இரண்டாம் சனி, நான்காம் சனி,
காலை பத்து முதல் ஞாயிறு மாலை ஆறு வரை.
நீதிமன்றத் தாளில் கிழமை இருக்கிறது, மணி இருக்கிறது,
மூடுபனி இல்லை.
தேவனஹள்ளியில் பனி இறங்கிய டிசம்பரில்
நித்திலா பன்னிரண்டே காலுக்கு வந்தாள்.
குறைந்த இரண்டே கால் மணி நேரத்தை
அவள் அம்மாவிடம் கேட்டேன்.
"ஓடுதளத்துப் பனியை நானா கொட்டினேன்?"
செம்பூரிலிருந்து பார்த்தால் அது சரியான பதில்தான்.

பொம்மனஹள்ளியில் பேருந்து ஏறும்போது
அங்கே அவள் பெல்ட் மாட்டியிருப்பாள்.
சில்க் போர்டில் நான் நிற்க, அவள் கோலாப்பூரைத் தாண்டுவாள்.
ஹெப்பாளத்தில் நான் நிற்க, தாவணகெரேக்கு மேலே
பழச்சாற்றுக் குழலைக் கடித்துக்கொண்டிருப்பாள்.
நாற்பத்தாறு கிலோமீட்டர் நான்,
எண்ணூற்று நாற்பது அவள்.
பெரும்பாலும் அவளே முதலில் வந்து காத்திருக்கிறாள்.

கழுத்தில் ஆரஞ்சு உறை.
உள்ளே பெயர், வயது ஒன்பது,
அனுப்புபவர், பெறுபவர்.
கூரியர் பொட்டலத்துக்கும் இதே கட்டங்கள்தான்.
"ஸைன் மாடி, சார்" என்பாள் கவுண்டர் பெண்.
சனிக்கிழமை ஒரு கட்டத்தில் என் கையெழுத்து,
ஞாயிறு மற்றொன்றில்.

ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது.
வரும்போது ஒன்றரை மணி நேரம்,
போகும்போது ஒன்று நாற்பது.
தூரம் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான்.
மேலே மேற்கிலிருந்து வீசுகிறது காற்று.
கோடை என்று நம் பழைய பெயர் அதற்கு.
அது அவளை என் பக்கம் தள்ளிவிடுகிறது,
திரும்பிப் போகையில் நெஞ்சில் கை வைத்துத் தடுக்கிறது.
பத்து நிமிடம்!
எந்த நீதிபதியும் தராததைக் காற்று தந்ததென்று
ஒரு மாசி மாதம் முழுவதும் மிதந்தேன்.
ஆடியில் அந்த உயரத்துக் காற்று கட்சி மாறுமென்று
பிறகுதான் படித்தேன்.

பறக்கும் நேரம் யார் பங்கில் சேரும்?
வக்கீல் பசவராஜுவிடம் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டிக்கொண்டார்.
கட்டணம் வாங்கவில்லை.

போன ஞாயிறு தோசைக் கடையில்
அவளிடமே கேட்டேன், வேறு மாதிரி:
மேலே என்ன செய்வாய்?
"ஒண்ணுமில்ல."
படம் பார்ப்பாயா?
"இல்ல."
தூக்கமா?
"இல்லப்பா. சும்மா இருப்பேன்.
அங்க யாரும் என்கிட்ட
அம்மா என்ன சொன்னா, அப்பா என்ன சொன்னான்னு கேக்க மாட்டாங்க."
சட்னியை விரலால் வழித்தாள்.
நான் பில்லைக் கேட்டேன். பில் ஏற்கெனவே மேஜையில் இருந்தது.

விமான நிலையத்தில்,
மூங்கில் கூரையை அண்ணாந்து பார்த்தபடி சொன்னாள்:
"ஹைதராபாத் வழியா ஒண்ணு இருக்காமே."
தேடினேன். இருந்தது.
நாலு மணி பத்து நிமிடம்.
தனியாக வரும் குழந்தைகளுக்கு நேர் விமானம் மட்டும்
என்று கீழே பொடி எழுத்து.

"எத்தன வயசு வரைக்கும்?"
பன்னிரண்டு.
மூன்று விரலை மடக்கிப் பார்த்தாள்.
சரி என்று பையை மாட்டிக்கொண்டாள்.
"ஜன்னல்தானே?"
ஜன்னல்தான். ஏழு ஏ.

அனுப்புபவர் என்ற கட்டத்தில்
அன்று என் கையெழுத்து
கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போயிற்று.